எக்சோசோமும் புற்றுநோயும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரத்த மாதிரிகளிலிருந்து எக்சோசோம் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டுப் பதில் சொல்லிவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நோயாளியின் மகள் கேட்பதும், புதிதாகச் சேர்ந்த மாணவர் கேட்பதும், வெளியூரிலிருந்து போன் செய்யும் உறவினர் கேட்பதும் பெரிதாக வேறுபடுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன. அதனால் எண் போட்டிருக்கிறேன்.

1. எக்சோசோம்னா என்ன? அதுவும் வைரஸ் மாதிரி ஒரு கிருமியா?

கிருமி இல்லை. நம் உடம்பின் செல்களே வெளியே விடுகிற மிகச் சிறிய பை. சுற்றிலும் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காக நிற்கும் ஒரு சவ்வு, உள்ளே கொஞ்சம் புரதம், கொஞ்சம் ஆர்.என்.ஏ. அதற்கு உயிர் கிடையாது. தானாகப் பெருகவும் செய்யாது. வைரஸோடு அதற்கு உள்ள ஒற்றுமை முக்கியமாக அளவில்தான். எக்சோசோம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் இருக்கும். கொரோனா வைரஸ் ஏறக்குறைய 100. ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலம் 7,000 நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில் எக்சோசோமின் உருவம் ஏன் தெரியாது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்லுக்குள் ஆர்.என்.ஏ-வை வெட்டும் ஒரு புரதக் கூட்டத்துக்கும் 1997-இல் இதே பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தேடும்போது தவறான கட்டுரையைப் பாதி படித்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

2. செல் எதுக்கு இப்படிப் பை பையா வெளிய தள்ளுது? எப்படி உருவாகுது?

செல் தன் மேல்சவ்வின் ஒரு பகுதியை அவ்வப்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி உள்ளே போன பைக்கு எண்டோசோம் என்று பெயர். அந்தப் பையின் சுவர் மறுபடி உள்பக்கமாகக் குழிந்து, கிள்ளிக்கொண்டு, அதற்குள்ளேயே பல குட்டிப் பைகள் உண்டாகும். இப்போது பெரிய பைக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குப் போய்க் கரைந்துபோவது. இன்னொன்று, மேல்சவ்வோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் குட்டிப் பைகளை வெளியே கொட்டிவிடுவது. அப்படிக் கொட்டப்பட்டவைதான் எக்சோசோம்கள்.

செல் வேறு விதத்திலும் பைகளை விடும். மேல்சவ்வே நேராக வெளிப்பக்கம் புடைத்துக் கிள்ளிக்கொண்டு போனால் அது மைக்ரோவெசிக்கிள். செல் சாகும்போது உடைந்து சிதறும் பைகள் வேறு ரகம். ரத்தத்தில் இவை எல்லாம் கலந்தே ஓடுகின்றன. பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இந்தக் கலப்புதான் காரணம்.

3. இது இப்பதான் கண்டுபிடிச்சதா?

இல்லை, நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1983-இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்த்தன. ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், மற்றது மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோனின் ஆய்வகத்தில். இளம் சிவப்பணு முதிரும்போது தனக்கு இனித் தேவைப்படாத, இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதத்தை எப்படிக் கழிக்கிறது என்று தேடப் போனவர்கள், அது குட்டிப் பைகளில் ஏறி வெளியே போவதைக் கண்டார்கள். 1987-இல் ஜான்ஸ்டோன் குழு அந்தப் பைகளை எக்சோசோம் என்று அழைத்தது. அந்த நாளில் அது செல்லின் குப்பைக்கூடை, அவ்வளவுதான்.

பார்வை மாறியது இரண்டு கட்டமாக. 1996-இல் கிராசா ரபோசோவும் சக ஆய்வாளர்களும், பி செல் என்ற நோய் எதிர்ப்பு செல் விடும் எக்சோசோம்கள் மற்ற எதிர்ப்பு செல்களைத் தூண்டுகின்றன என்று காட்டினார்கள். 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் குழு, ஒரு செல்லின் ஆர்.என்.ஏ எக்சோசோமில் ஏறி வேறொரு செல்லுக்குள் போய், அங்கே புரதமாகவும் ஆகிறது என்று வெளியிட்டது. எலிச் செல்லின் எக்சோசோமை மனிதச் செல்லோடு கலந்துவைத்தார்கள். மனிதச் செல்லில் எலிப் புரதம் வந்தது. குப்பை என்று நினைத்தது கடிதமாக இருக்கலாம் என்று அதற்கப்புறம்தான் எல்லோரும் இதன் பக்கம் திரும்பினார்கள்.

4. உள்ளே சரியா என்னதான் இருக்கு? டி.என்.ஏ-வும் இருக்கா?

மேற்பரப்பில் சி.டி.9, சி.டி.63, சி.டி.81 என்ற புரதங்கள் பெரும்பாலும் இருக்கும். அவைதான் எங்களுக்கு அடையாள அட்டை. உள்ளே தாய்ச் செல்லின் புரதங்கள், மரபணுவை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ-வான மைக்ரோ ஆர்.என்.ஏ உள்ளிட்ட பலவகை ஆர்.என்.ஏ துண்டுகள். தாய்ச் செல் புற்றுச் செல்லாக இருந்தால் அதன் மாறிப்போன புரதமும் மரபணுச் செய்தியும் பையில் ஏறும்.

டி.என்.ஏ விஷயத்தில் கருத்து ஒன்றாக இல்லை. இருக்கிறது என்று பல கட்டுரைகள் வந்தன. 2019-இல் மிகக் கவனமாகத் தரம் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு, சிறிய பைகளுக்குள் இரட்டை இழை டி.என்.ஏ இல்லை, அது வேறு வழியில் வெளியேறிக் கூடவே வந்து சேர்கிறது என்று சொன்னது. மைக்ரோ ஆர்.என்.ஏ பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2014-இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது: ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ, சராசரியாக ஒரு எக்சோசோமுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பல பைகளைத் தேடினால்தான் ஒன்று கிடைக்கும். “இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ போய் அந்தச் செல்லையே மாற்றிவிட்டது” என்று யாராவது எழுதினால், எத்தனை பை போயிருக்க வேண்டும் என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

5. அப்ப புற்றுநோய் இல்லாதவங்க உடம்பிலயும் இது இருக்குமா?

எல்லோருக்கும் இருக்கும். ரத்தம், சிறுநீர், உமிழ்நீர், தாய்ப்பால், மூளைத் தண்டுவட நீர் என்று பார்த்த திரவத்தில் எல்லாம் இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் பைகளில் பெரும்பங்கு தட்டணுக்களும் மற்ற ரத்த அணுக்களும் விட்டவை. உடற்பயிற்சி செய்தால்கூட எண்ணிக்கை கூடும். ஆகவே “ரத்தத்தில் எக்சோசோம் இருக்கிறதாம்” என்பது பயப்படவேண்டிய செய்தியே அல்ல. யார் அனுப்பியது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

6. புற்று மத்த உறுப்புக்குப் பரவுறதுக்கு இதுதான் காரணம்னு சொல்றாங்களே, எப்படி?

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். கல்லீரலில் புற்று அடிக்கடி பரவியிருந்தது. அதே அளவு ரத்தம் கிடைக்கும் மண்ணீரலில் அபூர்வம். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். மண்ணைப் பண்படுத்துவது யார் என்பது நூறு வருடத்துக்கு மேல் தெரியாமலே இருந்தது.

நியூயார்க்கில் டேவிட் லைடனின் குழு அதற்கு ஒரு பதிலைத் தந்தது. 2015-இல் கணையப் புற்றில் அவர்கள் பார்த்தது இது: கட்டி விடும் எக்சோசோம்கள் கல்லீரலுக்குப் போய், அங்கே காவலிருக்கும் குப்ஃபர் செல்களுக்குள் நுழைகின்றன. குப்ஃபர் செல் விடும் சமிக்ஞையால் பக்கத்துச் செல்கள் ஃபைப்ரோநெக்டின் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டுகின்றன. அந்த நாரில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் வந்து ஒட்டுகின்றன. ஒரு புற்றுச் செல்கூட இன்னும் வந்து சேராத நேரத்திலேயே அங்கே படுக்கை விரித்தாகிவிட்டது. அதே வருடம் இன்னொரு கட்டுரையில், எந்த உறுப்புக்குப் போகவேண்டும் என்ற முகவரியே எக்சோசோமின் மேல் இருக்கிறது என்று காட்டினார்கள். இன்டெக்ரின் என்ற புரதத்தின் ஒரு வகை நுரையீரலுக்கு, மற்றொரு வகை கல்லீரலுக்கு. நுரையீரலுக்குப் போகும் எக்சோசோம்களை எலிகளுக்கு முதலில் செலுத்திவிட்டு, வழக்கமாக எலும்புக்குப் பரவும் புற்றுச் செல்களைப் பிறகு விட்டார்கள். அவை நுரையீரலில் போய் வளர்ந்தன.

ஆனால் “இதுதான் காரணம்” என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். பரவுவதற்குச் செல் கட்டியிலிருந்து பிய்ந்துவர வேண்டும், ரத்தத்தில் பிழைக்க வேண்டும், போன இடத்தில் எதிர்ப்பு செல்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். எக்சோசோம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி எலிகளில் பார்த்தது என்பதையும் மறக்கக் கூடாது.

7. அப்படின்னா புற்றுநோயாளி பக்கத்துல இருந்தா, அவங்க எச்சில் பட்டா நமக்கும் வந்துடுமா?

வராது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் தன் அம்மா குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்திருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எக்சோசோம் பெருகாது என்று முதல் பதிலிலேயே சொன்னேன். உமிழ்நீரில் வருவது வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து புற்று முளைக்கப் போவதில்லை.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக்கூடப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடன், டென்மார்க் ரத்த வங்கிப் பதிவேடுகளை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வு, கண்டறியப்படாத புற்று இருந்த கொடையாளிகளின் ரத்தத்தைப் பெற்ற சுமார் 12,000 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புற்றுநோய் வரவில்லை. பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள்.

8. அப்பாவுக்கு இம்யூனோதெரபி கேட்கல. அதுக்கும் எக்சோசோம்தான் காரணமா?

ஒருவேளை ஒரு பங்கு இருக்கலாம். உங்கள் அப்பா விஷயத்தில் அதுதான் என்று யாராலும் இன்று சொல்ல முடியாது. நடப்பது இதுதான். புற்றுச் செல்லின் மேல் பி.டி-எல்1 என்ற புரதம் இருந்தால், தாக்க வரும் டி செல் என்ற எதிர்ப்பு செல் அதைத் தொட்டவுடன் அடங்கிவிடும். இம்யூனோதெரபி மருந்துகளில் முக்கியமான சில அந்தத் தொடர்பைத் தடுப்பவை. 2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டிகள் இதே பி.டி-எல்1-ஐ எக்சோசோம்களின் மேல் ஒட்டி ரத்தத்தில் அனுப்புகின்றன என்று காட்டியது. டி செல் கட்டியை எட்டும் முன்பே, தூரத்திலேயே அடங்கிப்போகிறது.

2019-இல் வேறொரு குழு எலிகளில், புற்றுச் செல்லின் எக்சோசோம் வெளியேறும் வழியை மரபணு மூலம் அடைத்தது. மருந்துக்கு மசியாத புராஸ்டேட் புற்று அது. கட்டி வளரவில்லை. அதைவிட ஆச்சரியம், பிறகு அதே எலிகளுக்கு அடைப்பு இல்லாத சாதாரணப் புற்றுச் செல்களைச் செலுத்தியபோதும் உடம்பு அவற்றை ஒதுக்கித் தள்ளியது. எதிர்ப்பு செல்கள் ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டன. அந்தக் கட்டுரையின் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எக்சோசோம் இன்னொரு விதமாகவும் மருந்தைக் கெடுக்கும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகை மார்பகப் புற்றின் எக்சோசோம்கள் மேலே ஹெர்2-வைச் சுமந்துகொண்டு, அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கட்டிக்குப் போகவேண்டிய மருந்து வழியிலேயே செலவாகிறது.

9. ஒரு ரத்தப் பரிசோதனையில இதை வச்சே புற்றுநோயைக் கண்டுபிடிச்சிடலாமா? பயாப்சியே வேண்டாமா?

ஆசை அதுதான். 2008-இல் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி உள்ள 25 பேரின் ரத்தத்தில் தேடியதில், கட்டிக்கே உரிய ஒரு மரபணு மாற்றத்தின் ஆர்.என்.ஏ 7 பேரின் எக்சோசோம்களில் கிடைத்தது. மண்டையைத் திறக்காமல் மூளைக் கட்டியின் செய்தியைப் படித்தது பெரிய விஷயம். 25-இல் 7 என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்று உண்மையிலேயே நோயாளிகளிடம் பயன்படும் ஒன்று உண்டு: புராஸ்டேட் புற்றுக்கான எக்சோ டி.எக்ஸ் புராஸ்டேட் என்ற சோதனை. இது ரத்தம் இல்லை, சிறுநீர். 50 வயதைத் தாண்டி, ரத்தத்தில் பி.எஸ்.ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு 2 முதல் 10-க்குள் இருந்து, பயாப்சி எடுக்கலாமா வேண்டாமா என்று தடுமாறும் ஆண்களுக்கானது. சிறுநீரில் உள்ள எக்சோசோமின் மூன்று ஆர்.என்.ஏ-க்களை அளந்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 15.6-க்குக் கீழே இருந்தால் தீவிர வகைப் புற்று இருக்க வாய்ப்புக் குறைவு, பயாப்சியைத் தள்ளிப்போடுவது பற்றி மருத்துவரோடு பேசலாம். கவனியுங்கள், இது “புற்று இருக்கிறது” என்று சொல்லும் சோதனை இல்லை; தேவையில்லாத பயாப்சியைக் குறைக்க உதவுவது. புற்று என்று உறுதி செய்ய இன்றும் திசுவைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

10. ரத்தத்துல டி.என்.ஏ பார்த்தே லிக்விட் பயாப்சி பண்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ பெரும்பாலும் சாகும் செல்லிலிருந்து சிதறியது. எக்சோசோம் உயிரோடு இருக்கும் செல் அனுப்புவது, புரதமும் ஆர்.என்.ஏ-வும் சேர்ந்து கிடைக்கும், சவ்வு இருப்பதால் கெடாமலும் இருக்கும். காகிதத்தில் எக்சோசோம் உசத்தி. நடைமுறையில் டி.என்.ஏ சோதனைதான் வெகு தூரம் முன்னால் இருக்கிறது, ஏனென்றால் டி.என்.ஏ-வைச் சுத்தமாகப் பிரிப்பதும் அளப்பதும் பல மடங்கு சுலபம்.

11. கணையப் புற்றை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கிற எக்சோசோம் டெஸ்ட் வந்துடுச்சுன்னு எப்பவோ படிச்சேனே, அது என்ன ஆச்சு?

2015-இல் வந்த கட்டுரை அது. ஹூஸ்டனில் ரகு கல்லுரி என்ற ஆய்வாளரின் குழு, கிளைப்பிகன்-1 என்ற புரதம் சுமந்த எக்சோசோம்களை வைத்துக் கணையப் புற்று நோயாளிகளையும் நலமானவர்களையும் பிழையே இல்லாமல் பிரித்துவிட முடிந்தது என்று எழுதியது. கணையப் புற்று தெரியவரும்போது பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும். அதனால் அந்தச் செய்தி எத்தனை குடும்பங்களுக்கு நம்பிக்கை கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன்பின் வேறு ஆய்வகங்கள் அதே புரதத்தைத் தேடியபோது அத்தனை தெளிவான பிரிப்பு கிடைக்கவில்லை; சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. யாரும் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிரிக்கும் முறை மாறினால் கையில் கிடைக்கும் பைகளே மாறிவிடுகின்றன. எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

12. பிரிச்செடுக்கிறது அவ்வளவு கஷ்டமா? ஒரு மெஷின்ல போட்டா வராதா?

நான் செய்வதையே சொல்கிறேன். ரத்தத்தை எடுத்துச் செல்களையும் தட்டணுக்களையும் முதலில் ஒதுக்கவேண்டும். குழாயைக் கொஞ்சம் குலுக்கிவிட்டாலோ, நேரம் தாழ்ந்துபோனாலோ தட்டணு தானே பைகளை விடத் தொடங்கிவிடும்; அந்த மாதிரி வீண். பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜில் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவேண்டும். குழாயை வைக்கும் முன்பே அதன் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். ஏனென்றால் முடிந்து எடுக்கும்போது அடியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. படிவு இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று அந்தப் புள்ளியை நம்பி, எதிர்ப்பக்கமாகத் திரவத்தை உறிஞ்சி எடுப்போம். முதல் மாதம் நான் இரண்டு மாதிரியைத் திரவத்தோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறேன்.

அவ்வளவு செய்தும் கிடைப்பது சுத்தமான எக்சோசோம் அல்ல. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதத் துகள்கள் எக்சோசோமைவிடப் பல மடங்கு அதிகம். சிலவற்றின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். லேசர் வெளிச்சத்தில் துகள்களை எண்ணும் கருவியின் திரையில் எல்லாமே நடுங்கும் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். எது பை, எது கொழுப்பு என்று அந்தக் கருவி சொல்லாது. அளவை வைத்து வடிக்கும் குரோமட்டோகிராஃபி, ஆன்டிபாடி பூசிய காந்த மணிகள் என்று மற்ற முறைகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலவையைத் தரும்.

13. சிலர் எக்சோசோம்னு எழுதறாங்க, சிலர் இ.வி.ன்னு எழுதறாங்க. எது சரி?

செல் வெளியே விடும் எல்லாப் பைகளுக்கும் பொதுப்பெயர் எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள், சுருக்கமாக இ.வி. இரண்டாம் பதிலில் சொன்ன எண்டோசோம் வழியாக வந்ததுதான் கறாராக எக்சோசோம். வெளியே வந்தபின் எந்த வழியாக வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். அதனால் இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் வெளியிடும் வழிகாட்டுதல்கள் (2014, 2018, கடைசியாக 2023), வழி நிரூபிக்கப்படாவிட்டால் இ.வி. என்றே எழுதச் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் எக்சோசோம் என்று எழுதுவது, எல்லோரும் அந்தச் சொல்லில்தான் கேட்கிறார்கள் என்பதால்.

14. இதையே மருந்தா மாத்த முடியுமா?

முடியுமா என்று பல வழிகளில் பார்க்கிறார்கள். முதல் வழி, தடுப்பூசி போல. 1998-இல் பாரிஸில் லாரன்ஸ் ஜிட்வோகல் குழு, எதிரியை மற்ற எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்லின் எக்சோசோம்களைக் கொடுத்து எலிகளின் கட்டியை அடக்கியது. அது மனிதர்களுக்கு வந்து, நுரையீரல் புற்று நோயாளிகள் 22 பேரிடம் இரண்டாம் கட்ட ஆய்வாக நடந்தது. முடிவு 2016-இல் வெளியானது. கீமோவுக்குப் பின் நான்கு மாதம் நோய் முற்றாமல் பாதிப் பேராவது இருக்கவேண்டும் என்பது இலக்கு. 32 சதவீதம் பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் மருந்து பெரும்பாலும் பாதுகாப்பாக இருந்தது, சிலரிடம் இயற்கைக் கொல்லி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் வேகம் கூடியது.

இரண்டாம் வழி, எக்சோசோமை வண்டியாக்கி மருந்தை ஏற்றி அனுப்புவது. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் குழு, மேலே மூளை முகவரி ஒட்டிய எக்சோசோமில் மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ-வை ஏற்றி எலியின் மூளைக்குள் சேர்த்தது. 2017-இல் 11-ஆம் பதிலில் சொன்ன அதே ஹூஸ்டன் குழு, கணையப் புற்றில் மிக அதிகம் காணப்படும் கேராஸ் மரபணுவின் ஜி12டி என்ற பிழையை அடக்கும் ஆர்.என்.ஏ-வை ஏற்றியது. எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. அது பரவிய கணையப் புற்று உள்ளவர்களிடம் முதல் கட்ட ஆய்வு வரை போயிருக்கிறது. பல பத்தாண்டுகள் மருந்தே இல்லாதது என்று கைவிடப்பட்டிருந்த மரபணு கேராஸ் என்பதால், இந்தப் பாதையை நான் ஆவலோடு பார்க்கிறேன்.

15. லிபோசோம் இருக்கே, தடுப்பூசில போட்ட கொழுப்புத் துகள் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?

நியாயமான கேள்வி. லிபோசோம் என்பது கொழுப்பால் செய்த செயற்கைப் பை; டாக்சோரூபிசின் என்ற புற்று மருந்தை அதில் அடைத்து 1995 முதலே தருகிறார்கள். எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகள் கொழுப்பு நானோ துகளில்தான் வந்தன. தொழிற்சாலையில் ஒரே மாதிரி செய்வதற்கு அவை மிக வசதி.

எக்சோசோமின் பக்கம் பேசுவது, அது உடம்பின் சொந்தச் சரக்கு என்பதுதான். மேலே உள்ள சி.டி.47 என்ற புரதம் “என்னை விழுங்காதே” என்று விழுங்கு செல்களிடம் சொல்கிறது. ஹூஸ்டன் குழு தங்கள் எக்சோசோம் ரத்தத்தில் லிபோசோமைவிட அதிக நேரம் தங்கியதற்கு இதைத்தான் காரணம் காட்டியது. திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் உடம்பு எதிர்ப்பது குறைவு என்ற நம்பிக்கையும் உண்டு. என் கருத்து: சாதாரண மருந்தை ஏற்ற எக்சோசோம் தேவையில்லை. மற்ற வண்டி போகாத இடத்துக்கு அது போகிறது என்று காட்டினால்தான் இவ்வளவு சிரமத்துக்கு அர்த்தம்.

16. எலியில குணமாகுது, மனுஷங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் வரல?

முக்கியமாக மூன்று முட்டுக்கட்டை. ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் எக்சோசோமில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிக்கிக்கொள்கிறது. கட்டிக்குப் போவது சொற்பம். அடுத்தது, மருந்தை உள்ளே ஏற்றுவது. மின்னதிர்ச்சி கொடுத்துச் சவ்வைத் திறந்து ஆர்.என்.ஏ-வை ஏற்றுவார்கள். அந்த அதிர்ச்சியில் ஆர்.என்.ஏ தானே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஏறியது போலப் பொய்க் கணக்குக் காட்டும் என்று 2013-இலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

மூன்றாவது உற்பத்தி. எலிக்கு வேண்டிய அளவு பத்துத் தட்டில் வளர்த்த செல்லிலிருந்து வரும். மனிதனுக்குப் பெரிய தொட்டிகளில் செல் வளர்த்து, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் போலவே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். 12-ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பாடு என்று புரியும். எக்சோசோம் மருந்துக்கென்றே தொடங்கப்பட்டு, 2020-இல் பங்குச்சந்தைக்கும் வந்த கோடியாக் பயோசயன்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம், மருந்துகளை மனிதர்களிடம் ஆய்வு செய்யும் கட்டம் வரை கொண்டுவந்தும் 2023-இல் திவால் மனு கொடுத்தது. அறிவியல் தோற்றதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கைக்காசு தீர்வதற்குள் முடிகிற வேலையாக இது இல்லை.

17. கெட்ட எக்சோசோமை மட்டும் ரத்தத்துல இருந்து வடிகட்டி எடுத்துட முடியாதா?

டயாலிசிஸ் போல ரத்தத்தை வெளியே ஓடவிட்டு, எக்சோசோமின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதம் பூசிய வடிகட்டியில் எக்சோசோமைச் சிக்கவைக்கும் கருவி ஒன்று சிறிய ஆய்வுகளில் இருக்கிறது. கட்டி அங்கேயே இருக்கும்வரை அது மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சங்கடம்.

செல் எக்சோசோமை விடுவதையே தடுக்கும் ரசாயனங்களும் ஆய்வகத்தில் உண்டு. ஜி.டபிள்யூ.4869 என்பதை நாங்களே பயன்படுத்துகிறோம். ஆனால் அது நல்ல செல், கெட்ட செல் பார்க்காது. 5-ஆம் பதிலில் சொன்னது போல நலமான செல்களும் இதை விடுகின்றன. புற்றுச் செல்லின் எக்சோசோமை மட்டும் நிறுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

18. ஏதாவது சாப்பிட்டா எக்சோசோம் குறையுமா?

புற்றின் எக்சோசோமைக் குறைத்து நோயை மாற்றும் உணவு என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் பொடி எதையும் வாங்காதீர்கள். கீமோ சமயத்தில் உங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் நிச்சயமாக வேண்டாம்.

19. ஒரு கிளினிக்ல எக்சோசோம் ஊசி போட்டா எதிர்ப்பு சக்தி கூடும்னு சொல்றாங்க. கடைசி முயற்சியா போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எந்தப் புற்றுக்கும் அனுமதி பெற்ற எக்சோசோம் மருந்து அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பொது எச்சரிக்கையே வெளியிட்டது: நெப்ராஸ்காவில், எக்சோசோம் இருப்பதாகச் சொல்லி விற்ற அனுமதி பெறாத ஊசிகளைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்திருந்தது.

புற்றுநோயாளிக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. இந்த ஊசிகளில் பல ஸ்டெம் செல்லிலிருந்தோ நஞ்சுக்கொடியிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லப்படுபவை. திசுவை வளரவைப்பதும் ரத்தக்குழாயைக் கிளைக்கவைப்பதும் அவற்றின் சிறப்பாக விளம்பரம் செய்யப்படுகிறது. கட்டிக்கு வேண்டியதும் அதேதான். 6-ஆம் பதிலில் பார்த்த மண்ணைப் பண்படுத்தும் வேலையை நாமே காசு கொடுத்துச் செய்துவிடக் கூடாது.

20. அப்ப உண்மையான ஆய்வு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? சேரணும்னா என்ன கேட்கணும்?

உண்மையான ஆய்வுக்குப் பொதுப் பதிவேட்டில் ஒரு எண் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். எண்ணைத் தேடினால் எந்த நோய்க்கு, எந்தக் கட்டம், யார் சேரலாம், யார் சேரக்கூடாது எல்லாம் யாரும் படிக்கும்படி இருக்கும். நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடவேண்டும். ஆய்வுக்குரிய மருந்துக்கு உங்களிடம் பெரும்பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்புறம், எந்தச் செல்லிலிருந்து எடுத்த எக்சோசோம், உள்ளே என்ன ஏற்றியிருக்கிறது, ஒரு தொகுதி சரியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்குவார். இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தவேண்டி வருமா என்பதையும் கேட்டு, அந்தப் பதிலோடு உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். முதல் கட்ட ஆய்வு என்றால் அது முதன்மையாக மருந்தின் பாதுகாப்பைப் பார்ப்பதற்கு, உங்களுக்குப் பலன் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. இதைச் சேரும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.